சிட்டடெல் இராணுவக் கல்லூரி: பழைய கோட்டையும் கேடட்டின் ஒரு நாளும்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் இராணுவக் கல்லூரிகள் ஏன் பழைய கோட்டைகள் மாதிரி இருக்கின்றன? அந்தக் கட்டடங்களுக்குள் தங்கிப் படிப்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது?

இந்த வகைக் கல்லூரிகளில் பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று, வர்ஜீனியா மாநிலம் லெக்சிங்டனில் 1839-இல் தொடங்கிய வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிடியூட். இன்னொன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1842-இல் சட்டம் போட்டு உருவாக்கிய சிட்டடெல். நான் சார்ல்ஸ்டன் பக்கம் வேலை பார்த்தவன். சிட்டடெல்லின் வெள்ளிக்கிழமை அணிவகுப்பைப் பல முறை நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஊரின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதனால் சிட்டடெல்லை வைத்தே பதில் சொல்கிறேன். கேள்வியின் இரண்டு பகுதிகளுக்கும் அங்கே விடை ஒன்றுதான். ஒரு கேடட் (அங்கே படிக்கும் சீருடை மாணவன்) எங்கே நடக்கிறான், யார் கண்ணில் படுகிறான், எங்கே தண்டனை அனுபவிக்கிறான் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கட்டடத்தின் நடுவில் இருக்கும் முற்றம். அந்த முற்றம் எப்படி வந்தது என்பது கொஞ்சம் கசப்பான கதை.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இராணுவக் கல்லூரி என்றதும் நம்மவர்கள் கடக்வாஸ்லாவில் நம் படை அதிகாரிகளை உருவாக்கும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) போல நினைத்துக்கொள்கிறார்கள். சிட்டடெல் அப்படி அல்ல. அது மாநில அரசின் கல்லூரி. இன்ஜினியரிங், வணிகம், வரலாறு, உயிரியல் என்று மற்ற கல்லூரிகளில் இருக்கும் பட்டப்படிப்புகள்தான் அங்கேயும். நான்கு ஆண்டும் சீருடையில் இருக்க வேண்டும், பேரக் எனப்படும் படைவீடு மாதிரியான விடுதியில்தான் தங்க வேண்டும், படை அதிகாரிப் பயிற்சியான ஆர்.ஓ.டி.சி. வகுப்புகளும் கட்டாயம். ஆனால் பட்டம் வாங்கியபின் எல்லோரும் படையில் சேர வேண்டும் என்றில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதிகாரிகளாகச் சேர்கிறார்கள். மற்றவர்கள் வேலை, மேற்படிப்பு என்று போய்விடுகிறார்கள். கேடட்கள் மொத்தம் சுமார் 2,300 பேர்.

இப்போது 1822-க்கு வருவோம். சார்ல்ஸ்டனில் டென்மார்க் வெஸீ என்று ஒரு கறுப்பினத் தச்சர் இருந்தார். அடிமையாக இருந்தவர். 1799-இல் லாட்டரியில் 1,500 டாலர் விழ, அதில் 600 டாலரை எசமானரிடம் கட்டித் தன் விடுதலையை வாங்கிக்கொண்டார். பெற்ற பிள்ளைகளை அப்படி மீட்க அவரால் முடியவில்லை. 1822 கோடையில், நகரத்து அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டார் என்று அவரைப் பிடித்தார்கள். பூட்டிய அறைக்குள் விசாரணை நடந்தது. ஜூலை 2 அன்று தூக்கு. அந்த வழக்கில் மொத்தம் 35 கறுப்பின ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர் சேர்ந்திருந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் கட்டடத்தையும் இடித்துப்போட்டார்கள்.

அன்றைய சார்ல்ஸ்டனில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களே அதிகம். தங்கள் வீட்டில் சமைப்பவரும் வண்டி ஓட்டுபவரும் குழந்தையைத் தூக்கி வளர்ப்பவரும் ஒரு ராத்திரியில் எழுந்து நிற்கலாம் என்ற பயம் எசமானர்களைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மாநிலச் சட்டமன்றம் நகரக் காவல்படை ஒன்றை அமைக்கச் சட்டம் போட்டது. அந்தப் படைக்கும் ஆயுதங்களுக்கும் இடம் வேண்டும் என்று 1829-30-இல் எழுந்ததுதான் பழைய சிட்டடெல் கட்டடம். வடிவமைத்தவர் ஃபிரெடரிக் வெஸ்னர். கனத்த சுவர்கள், நடுவில் வானத்தைப் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண்கள் தாங்கும் நடைகள். நம் ஊர் நாலுகட்டு வீட்டிலும் முற்றம் உண்டு, சுற்றிலும் தாழ்வாரம் உண்டு. ஆனால் அது காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வருவதற்காக வைத்தது. இங்கே முற்றம், துப்பாக்கிகளை நகரத்து மக்களிடமிருந்து காப்பதற்காக வந்தது.

கட்டடம் வந்துவிட்டது, காவலுக்கு ஆள் வைக்கும் செலவு இருந்துகொண்டே இருந்தது. சம்பளக் காவலர்களுக்குப் பதில் இளைஞர்களை வைத்தால் காவலும் நடக்கும், அவர்களுக்குப் படிப்பும் கிடைக்கும் என்று ஆளுநர் ஜான் பீட்டர் ரிச்சர்ட்சன் யோசனை சொன்னார். 1842 டிசம்பர் 20-இல் சட்டம் நிறைவேறியது. 1843 மார்ச் 20-இல் முதல் கேடட்கள் சார்ல்ஸ்டனில் வந்து சேர்ந்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் கோர் டே (கேடட் படை நாள்) என்று கொண்டாடுகிறார்கள். தலைநகர் கொலம்பியாவில் இருந்த இன்னொரு ஆயுதக் கிடங்கையும் கல்லூரியாக்கி, முதலாண்டை அங்கேயும் மற்ற ஆண்டுகளைச் சார்ல்ஸ்டனிலும் படிக்க வைத்தார்கள். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை வந்தபோது கொலம்பியா வளாகம் எரிந்துபோனது. அங்கிருந்த அதிகாரிகள் குடியிருப்பு மட்டும் தப்பியது. இன்று தென் கரோலினா ஆளுநர் குடியிருக்கும் மாளிகை அதுதான்.

வர்ஜீனியாவிலும் இதே கதைதான். லெக்சிங்டனில் 1816 முதல் மாநில ஆயுதக் கிடங்கு ஒன்று இருந்தது. காவலுக்கு இருந்த சிப்பாய்கள் ஊருக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்று ஊர்க்காரர்களுக்கு மனத்தாங்கல். சிப்பாய்களுக்குப் பதில் மாணவர்களை வைக்கலாமே என்று உள்ளூர் வழக்கறிஞர் ஜே. டி. எல். பிரெஸ்டன் எழுதினார். 1839 நவம்பர் 11 அன்று முதல் கேடட் காவலாளி பொறுப்பேற்றார். ஆக இரண்டு கல்லூரிகளும் ஆயுதக் கிடங்கின் வயிற்றில் பிறந்தவை. கோட்டைத் தோற்றம் அழகுக்காகப் பின்னால் ஒட்டவைத்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கும் வடக்கின் கூட்டரசுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் சிட்டடெல்லின் பங்கு பலருக்கும் தெரிந்ததுதான். 1861 ஜனவரி 9 அன்று, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கூட்டரசுப் படை வைத்திருந்த சம்டர் கோட்டைக்கு ஆட்களும் பொருட்களும் ஏற்றிவந்த ஸ்டார் ஆஃப் த வெஸ்ட் என்ற நீராவிக் கப்பலை நோக்கி, மாரிஸ் தீவில் இருந்த கேடட்கள் பீரங்கி சுட்டார்கள். கப்பல் திரும்பிப் போனது. போர் முறையாக வெடித்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12-இல்.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது 1865. பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் விழுந்தது. முதலில் நகருக்குள் நுழைந்த படைகளில் கறுப்பினச் சிப்பாய்களின் பிரிவும் இருந்தது. அடுத்த மாதம், விடுதலை பெற்ற மக்கள் ஆயிரக்கணக்கில் ஓர் ஊர்வலம் போனார்கள். அடிமை முறை செத்தது என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றையும் ஊர்வலத்தில் கொண்டுபோனார்கள். அவர்கள் கூடிப் புறப்பட்ட இடம் சிட்டடெல்லின் முன்னால் இருந்த மைதானம். யாருக்குப் பயந்து அந்தக் கோட்டையைக் கட்டினார்களோ அவர்களே அதன் வாசலில் நின்றார்கள். அதற்குப் பின் கட்டடம் கூட்டரசுப் படைகளின் கையில் இருந்தது. கல்லூரி மறுபடி திறக்க 1882 ஆகிவிட்டது.

அந்தக் கட்டடம் இன்றும் மேரியன் சதுக்கத்தில் நிற்கிறது. இப்போது ஹோட்டல். முற்றத்துக்கு மேல் கூரை போட்டிருக்கிறார்கள். தங்குபவர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்கள். சுற்றி நிமிர்ந்து பார்த்தால் நடைகளின் வரிசை தெரியும். எதிரே சதுக்கத்தில், அடிமை முறைக்காக வாதாடிய ஜான் கல்ஹூனின் சிலை உயரத்தூண் ஒன்றின்மேல் நெடுங்காலம் நின்றது. 2020 ஜூனில் நகரசபை ஒருமனதாக வாக்களித்து அதை இறக்கியது.

கல்லூரி இடம் மாறியது 1922-இல். பழைய இடம் போதவில்லை. ஆஷ்லி ஆற்றங்கரையில் நகராட்சி நிலம் கொடுத்தது. ஒரு பக்கம் உப்புச் சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் ஹாம்ப்டன் பூங்கா. அந்தப் பூங்கா இருக்கும் இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். போரின் கடைசிக் காலத்தில் பிடிபட்ட வடக்குப் படையினரை அங்கே அடைத்துவைத்திருந்தார்கள்; இறந்தவர்களை அவசரமாகப் புதைத்தார்கள். 1865 மே 1 அன்று சார்ல்ஸ்டனின் கறுப்பின மக்கள் அந்தக் கல்லறைகளைச் சீர்செய்து, மலர் தூவி, பெரிய அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். போரில் இறந்தவர்களுக்கான அமெரிக்காவின் நினைவு நாள் வழக்கத்துக்கு மிகப் பழைய முன்னோடிகளில் ஒன்று அது. 2014-இல் அதே பூங்காவில் டென்மார்க் வெஸீக்குச் சிலை வைத்தார்கள், கையில் பைபிளும் தச்சுப் பையும் கொண்ட உருவமாக. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சிட்டடெல் வளாகம். இதைத் திட்டமிட்டு யாரும் அமைக்கவில்லை என்றாலும், அந்த இரண்டையும் ஒரே நடையில் பார்க்கிறவருக்கு ஊரின் வரலாறு சட்டென்று விளங்கிவிடும்.

புதிய வளாகத்தில் ஆயுதக் கிடங்கு தேவைப்படவில்லை, அடிமை முறையும் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் புதுக் கட்டடங்களைப் பழைய கோட்டையின் சாயலில்தான் எழுப்பினார்கள்: மேல்விளிம்பில் பல்வரிசை போன்ற கொத்தளம், மூலைகளில் கோபுரம், வளைந்த நுழைவாயில், வெளிறிய பூச்சு. முதலில் வந்த பெரிய பேரக்குக்குப் பின்னாளில் பேட்ஜெட்-தாமஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் உயர்ந்த கோபுரம்தான் கல்லூரியின் அடையாளம். பிறகு மற்ற பேரக்குகள் சேர்ந்தன. ஐந்தாவதான வாட்ஸ் பேரக் 1990களில் வந்தது.

பேட்ஜெட்-தாமஸ் பேரக்கின் 1922-ஆம் ஆண்டுக் கட்டடம் இன்று இல்லை. 2000களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அப்போது நினைத்திருந்தால், நடுவில் ஒரு வராண்டா, இரண்டு பக்கமும் அறைகள் என்று சாதாரண ஹாஸ்டல் கட்டியிருக்கலாம், செலவும் குறைந்திருக்கும். கட்டவில்லை. திரும்பவும் முற்றம், திரும்பவும் சுற்றுநடை. செங்கல் போனாலும் முற்றம் போகக்கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். அந்த முடிவைக் கவனித்த பிறகுதான் எனக்கு இந்தக் கல்லூரி புரிந்தது.

முற்றத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அங்கே அதற்குக் குவாட் என்று பெயர். தரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள். நான்கு பக்கமும் நான்கு அடுக்கு நடைகள். ஒவ்வோர் அறையின் கதவும் அந்த நடைக்குத்தான் திறக்கிறது. உள்ளே வேறு வழி கிடையாது. குளிக்கப் போனாலும் பக்கத்து அறை நண்பனைப் பார்க்கப் போனாலும் முற்றத்தைச் சுற்றியிருக்கும் அத்தனை பேர் கண்ணிலும் பட்டுத்தான் போக வேண்டும். வெளியே போகும் வாயிலுக்கு சாலிபோர்ட் என்று பெயர். இரும்புக் கதவு, பக்கத்தில் காவல் அறை. கேடட்கள் கம்பெனி எனப்படும் படைப் பிரிவுகளாகப் பிரிந்திருப்பார்கள். ஒரு பேரக்கில் பெரும்பாலும் நான்கு கம்பெனிகள், குவாட்டின் ஒரு பகுதி ஒரு கம்பெனிக்கு.

ஆகஸ்ட் நடுவில் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். வந்தவுடன் ஆண்களுக்கு மொட்டை. அந்த வழுக்கைத் தலை கதவுக் குமிழ் மாதிரி இருப்பதால் முதலாண்டுக்காரருக்கு நாப் என்று பெயர். மூத்தவர் கேள்வி கேட்டால் நாப் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று: "சார், யெஸ் சார்", "சார், நோ சார்", "சார், நோ எக்ஸ்கியூஸ் சார்". மூன்றாவதுதான் முக்கியம். ஷூ அழுக்காக இருக்கிறது, மழை பெய்தது என்று விளக்கம் சொல்ல இடமில்லை. பேரக்குக்குள் நாப் சாதாரணமாக நடக்க முடியாது. முகவாயை உள்ளே இழுத்து, முதுகை நிமிர்த்தி, வேகநடையாக, மூலை வந்தால் சட்டென்று செங்கோணத்தில் திரும்பிப் போக வேண்டும். முகவாயை உள்ளிழுக்கும் அந்த நிலைக்கு பிரேஸ் என்று பெயர்.

விடிகாலையில் எழுப்பும் ஊதல். சில நிமிடங்களில் படுக்கை சரியாக வேண்டும். படுக்கைக்கு ரேக், துணி அலமாரிக்கு ஃபுல் பிரெஸ், சின்ன அலமாரிக்கு ஹாஃப் பிரெஸ் என்று பெயர்கள். சட்டைகள் எந்தப் பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும், உள்ளாடை எந்த அகலத்தில் மடிந்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. பெல்ட்டின் பித்தளையில் விரல் ரேகை தெரியக்கூடாது. அதனால் பித்தளை துலக்கும் பிராஸோ டப்பா இல்லாத அறை இருக்காது.

சட்டையை உள்ளே விடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷர்ட் டக் என்பார்கள். சட்டையின் முன்பக்கத்தில் ஒரு சுருக்கமும் இருக்கக்கூடாது. அதை ஒருவரால் தனியாகச் செய்துகொள்ள முடியாது. ஒருவர் பேன்ட்டைத் தளர்த்தி நிற்க, அறைத்தோழர் பின்னால் நின்று, தொளதொளப்பான துணியை இரண்டு பக்கமும் இழுத்து, முதுகுப் பக்கம் மடித்து இறுக்கிப் பிடிக்க, முன்னவர் பெல்ட்டை மாட்டுகிறார். பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். ஒரு நாளில் பல முறை இது நடக்கும். முந்தின ராத்திரி சண்டை போட்டிருந்தாலும் காலையில் அவர் கை இல்லாமல் இவர் வெளியே போக முடியாது. நான்கு ஆண்டு கழித்து அவர்கள் ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு நெருக்கமாவதற்கு, பெரிய பெரிய வீரச் சொற்பொழிவுகளைவிட இந்தச் சட்டை விவகாரமே காரணம் என்று நான் நம்புகிறேன்.

தயாரானதும் குவாட்டில் வரிசை. வருகைக் கணக்கு எடுத்து, கம்பெனி கம்பெனியாகச் சாப்பாட்டுக் கூடமான கவர்ட் ஹாலுக்கு நடைபோடுகிறார்கள். மேசையின் தலைமாட்டில் மூத்தவர் ஒருவர். நாப்கள் நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூத்தவர்களுக்குப் பரிமாறி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மனப்பாடமாகப் பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். கல்லூரி வரலாறு, அன்றைய உணவுப் பட்டியல், அடுத்த அணிவகுப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

வகுப்பு ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். வகுப்பறையில் நாப்பை யாரும் அதட்டுவதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு தனிப் பழக்கம் உண்டு: பேராசிரியர்களும் சீருடையில் வருகிறார்கள். ஷேக்ஸ்பியர் நடத்துபவரும் கணக்கு நடத்துபவரும் தென் கரோலினாவின் பெயரளவுப் படையில் அதிகாரிகள் என்ற வகையில் அந்தச் சீருடையை அணிகிறார்கள். ஆசிரியர் நுழைந்ததும் பொறுப்புக் கேடட் வகுப்பை எழுப்பி, யார் யார் வரவில்லை என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் பாடம். மாலையில் உடற்பயிற்சி, விளையாட்டு, துப்பாக்கி சுத்தம் செய்வது. ராத்திரி படிப்பு நேரத்தில் பேரக் அமைதியாகிவிடும். பிறகு டாப்ஸ் ஊதல், விளக்கு அணைப்பு.

தண்டனையும் குவாட்டில்தான். டூர் என்பார்கள். வார இறுதியில் மற்றவர்கள் ஊருக்குள் கிளம்பிப் போகும்போது, தண்டனை பெற்றவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டங்களின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்கேயும் ஒரு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அது ஒரு டூர். பெரிய தப்புக்குப் பல டூர்கள் சேரும்; மாதக்கணக்கில் வார இறுதிகள் போய்விடும். கன்ஃபைன்மென்ட் என்றால் அறையில் மேசை முன்னால் குறிப்பிட்ட நேரம் உட்கார்ந்திருப்பது. பொய், களவு, காப்பி அடிப்பது இவற்றுக்கு டூர் கிடையாது. பொய் சொல்லமாட்டேன், ஏமாற்றமாட்டேன், திருடமாட்டேன், செய்கிறவரைப் பொறுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்பது விதி. கேடட்களே தேர்ந்தெடுத்த கேடட்கள் விசாரிக்கிறார்கள். குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டே போக வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரையும் பார்க்க முடிகிற அந்த முற்றத்தை வெளியே இருப்பவர்கள் யாரும் பார்க்க முடியாது. கொடுமை நடக்க அதுவே போதுமான வசதி. முதல் கறுப்பின கேடட் சார்ல்ஸ் ஃபாஸ்டர் 1966-இல் சேர்ந்து 1970-இல் பட்டம் பெற்றார். அதற்குப் பதினாறு ஆண்டு கழித்தும், 1986-இல், வெள்ளைத் துணி போர்த்திய கேடட்கள் சிலர் ராத்திரியில் ஒரு கறுப்பின நாப்பின் அறைக்குள் புகுந்து, கருகிய காகிதச் சிலுவை ஒன்றை விட்டுப்போனார்கள். அவர் கல்லூரியை விட்டு விலகினார். நாடே கொதித்தது.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். விண்ணப்பத்தில் பெண் என்று தெரியாமல் இடம் கிடைத்த ஷானன் ஃபாக்னர், இரண்டரை ஆண்டு நீதிமன்றத்தில் போராடி 1995 ஆகஸ்டில் உள்ளே வந்தார். கடும் வெயில், மன அழுத்தம். ஒரு வாரத்துக்குள் வெளியேறினார். அவர் போனதைக் கொண்டாடிக் கேடட்கள் துள்ளிக் குதித்த காட்சி தொலைக்காட்சியில் வந்தது. அன்று வந்த நாப்களில் ஆண்களும் பலர் அதே வாரம் விலகினார்கள். அவர்களை யாரும் கேலி செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில், வர்ஜீனியா கல்லூரி வழக்கில், அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி பெண்களை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 7-1 என்று தீர்ப்புச் சொன்னது; எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். சிட்டடெல் உடனே கதவைத் திறந்தது. 1996-இல் சேர்ந்த நான்கு பெண்களில் இருவர், தங்களைத் துன்புறுத்தியதாகப் புகார் சொல்லிச் சில மாதங்களில் விலகினார்கள். 1999-இல் நான்சி மேஸ் கேடட் படையில் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 2018-இல் சாரா ஸோர்ன் முழுக் கேடட் படைக்கும் தளபதியாகத் தேர்வானார். ஃபாக்னர் அந்த ஒரு வாரத்துக்காக ஏளனம் சுமந்தவர். அவர் வழக்கு போடாமல் இருந்திருந்தால் சார்ல்ஸ்டனில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அவருக்கு உரிய மரியாதை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

மற்ற கட்டடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்மரால் தேவாலயம் 1930களில் எழுந்தது. சிலுவை வடிவம், கோதிக் பாணி. 'உன் வாலிபப் பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை' என்ற பைபிள் வாசகம் வாசலில் இருக்கிறது. உள்ளே தொங்கிய கொடிகளில் கூட்டமைப்புக் கடற்படையின் கொடியும் ஒன்று. 2015 ஜூன் 17 அன்று, வெஸீயின் திருச்சபை வழிவந்த இமானுவேல் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தத் தேவாலயம் மேரியன் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் சிட்டடெல்லின் நிர்வாகக் குழு அந்தக் கொடியை இடம் மாற்ற 9-3 என்று வாக்களித்தது. ஆனால் இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சட்டமன்றம் ஒப்பாமல் அசைக்கக்கூடாது என்று மாநிலச் சட்டம் இருந்ததால் கொடி அங்கேயே தங்கிவிட்டது.

அருகில் ஹவி மணிக்கோபுரம். மேஜர் தாமஸ் ஹவி, 1929-இல் இங்கே பட்டம் பெற்றவர். 1944 ஜூலையில் பிரான்சின் சேன் லோ நகருக்கு வெளியே இறந்தார். நகருக்குள் நுழைந்த அமெரிக்கப் படை, அவர் உடலைத் தங்கள் வரிசையில் முன்னால் எடுத்துச்சென்று, இடிந்த தேவாலயத்தின் இடிபாட்டின்மேல் கொடி போர்த்திக் கிடத்தியது. இரண்டாம் உலகப் போர்த் தளபதி மார்க் கிளார்க், கல்லூரித் தலைவராக இருந்தவர், தேவாலயத்தின் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். 1942-இல் அவரை அல்ஜீரியக் கரைக்கு ரகசியமாகக் கொண்டுபோன பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஸெராஃபின் பெரிஸ்கோப்பும் வளாகத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

நாப் வாழ்க்கை முடிவது வசந்த காலத்தில், ரெகக்னிஷன் டே அன்று. கடைசிக் கடுமையான பயிற்சிகளுக்குப் பின், அதுவரை அதட்டிய மூத்தவர்கள் கை நீட்டித் தங்கள் முதல் பெயரைச் சொல்கிறார்கள். அன்றே முதலாண்டுக்காரர்கள் வளாகத்திலிருந்து ஊர்வழியாக அணிவகுத்து மேரியன் சதுக்கத்துக்கு வந்து, பழைய கட்டடத்தின் முன்னால் கேடட் உறுதிமொழியை மறுபடி எடுக்கிறார்கள். 1822-இல் அந்த இடம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அந்த உறுதிமொழிக்கு முன் அவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். இன்று அந்த வரிசையில் கறுப்பின மாணவர்களும் பெண்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மற்றவர்களைவிட அதிகம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் மேரியன் சதுக்கத்து ஹோட்டலுக்குள் நுழைந்து முற்றத்தைப் பாருங்கள். மதியம் ஹாம்ப்டன் பூங்காவில் வெஸீ சிலை. கல்லூரி நடக்கும் காலத்தில் பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் மாலை 3.45-க்கு சம்மரால் மைதானத்தில் அணிவகுப்பு, கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்துப் பைப் இசையோடு கம்பெனிகள் வரும். நான்காம் ஆண்டுக் கேடட்கள் 61 பேர் கொண்ட சம்மரால் கார்ட்ஸ் ஆடும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கட்டளைச் சத்தமும் இல்லாமல் துப்பாக்கிப் பயிற்சி முழுவதையும் மனக்கணக்கில் செய்வார்கள். பேரக்குக்குள் மற்ற நாட்களில் விடமாட்டார்கள்; கோர் டே, பழைய மாணவர்கள் வரும் ஹோம்கமிங், பெற்றோர் வரும் வார இறுதி ஆகிய நாட்களில் கொஞ்ச நேரம் திறப்பார்கள், அப்போது குவாட்டின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். சதுப்பு நிலத்திலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு கடிபூச்சி வரும். கேடட்கள் அசையாமல் கடி வாங்குவார்கள்; நீங்கள் கைக்கும் கழுத்துக்கும் மருந்து தடவிக்கொண்டு போங்கள்.